கொடியை உயர்த்துவோர் பின்னால் வருவோரையும் எண்ண வேண்டும்

ஆண்டுதோறும் மே மாதத்தின் இறுதித் திங்கட்கிழமையை, போர்களில் உயிர்நீத்த தனது படையினரை நினைவுகூரும் தினமாக ஐக்கிய அமெரிக்கா அனுஷ்டித்து வருகின்றது. அத்தினத்தையொட்டிய வார இறுதியில் தலைநகர் வொஷிங்டனின் வீதிகளில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் அணிவகுத்துச் செல்வது பல தசாப்தங்களாகவே அந்நாட்டின் பொதுவாழ்வில் ஓர் அங்கமாக இருந்து வருகின்றது. நீண்ட பயணங்களுக்கென உருவாக்கப்பட்ட கனரக மோட்டார் சைக்கிள்கள். அவற்றின் பின்புறத்தே நாட்டப்பட்ட கம்பங்களில் பெரிய கொடிகள். அவற்றைச் செலுத்துவோரில் பெரும்பாலானோர் நரைத்த தலையுடைய முன்னாள் படையினர். தொலைக்காட்சியில் இக்காட்சியைக் காண்பவர்களுக்கு இது வெறும் தேசபக்தி ஆரவாரமாகத் தோன்றக்கூடும்.

எனினும், இந்தக் கொடிகளை மோட்டார் சைக்கிளில் எவ்வாறு கட்டுவது என்ற கேள்வி அந்நாட்டில் மிகவும் பாரதூரமானதொன்றாகவே எடுத்துக்கொள்ளப்படுகின்றது. எந்த அளவுக் கொடி, எத்தகைய கம்பம், எங்கே பொருத்துவது, எந்த வேகத்தில் செல்வது என்பன பற்றி அவர்கள் நுணுக்கமாக ஆராய்கின்றனர். மேலோட்டமாகப் பார்க்கின் இது இயந்திரம் பழுதுபார்ப்போரின் விவகாரம். சற்று ஆழ்ந்து நோக்கினால், ஒரு சின்னத்தைப் பொதுவீதிக்குக் கொண்டுவருபவருக்குள்ள பொறுப்பு யாது என்ற, எந்த நாட்டுக்கும் பொருந்தக்கூடிய வினாவொன்று இதனுள் பொதிந்திருப்பதை உணரலாம். அந்த வகையிலேயே இவ்விடயத்தை இங்கு நோக்க விழைகின்றோம்.

காணாமற்போனோரின் கறுப்புக் கொடி

இந்த மோட்டார் சைக்கிள் பவனிகளின் தோற்றம் வெற்றிக் களிப்பிலிருந்து எழுந்ததல்ல. 1988 ஆம் ஆண்டு ‘றோலிங் தண்டர்’ என்ற பெயரில் வொஷிங்டனில் முதலாவது பவனி இடம்பெற்றது. வியட்நாம் போரில் கைதானவர்களாகவும் காணாமற்போனவர்களாகவும் பதிவுசெய்யப்பட்ட படையினருக்கு என்ன நேர்ந்தது என்பதை அரசாங்கம் கூற வேண்டும் என்பதே அதன் கோரிக்கை. 1973 இல் அமெரிக்கத் துருப்புகள் வெளியேறியபோது 2,600 க்கும் அதிகமான அமெரிக்கர்களின் கதி தெரியாதிருந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த தேடுதலின் பின்னரும் அவர்களில் 1,500 க்கும் மேற்பட்டோர் பற்றிய கணக்கு இன்னமும் முடிக்கப்படவில்லை.

அப்பவனிகளில் தேசியக் கொடியுடன் இணைந்து பறக்கும் கறுப்புக் கொடியின் வரலாறும் இதனோடு தொடர்புடையதே. 1970 ஆம் ஆண்டு காணாமற்போன கடற்படை விமானி ஒருவரின் மனைவியான மேரி ஹொஃப், தம்மைப் போன்ற குடும்பங்களுக்கென ஒரு கொடி வேண்டும் என முன்வைத்த யோசனையின் விளைவே அது. நியூட் ஹைஸ்லி என்ற ஓவியர் அதனை வரைந்தார். கறுப்புப் பின்னணியில் குனிந்த தலையுடன் ஒரு மனிதனின் நிழலுரு, பின்னால் காவற்கோபுரம், முட்கம்பி. நீங்கள் மறக்கப்படவில்லை என்ற வாசகம். 1990 இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தின் மூலம் அக்கொடிக்கு அங்கீகாரம் அளித்தது. தேசியக் கொடி பறக்கும் முக்கிய கூட்டாட்சிக் கட்டடங்களில் எல்லா நாட்களிலும் அதனையும் பறக்கவிட வேண்டும் எனக் கோரும் சட்டம் 2019 நவம்பரில் கையொப்பமிடப்பட்டது. வீட்டுக்கு வராத கணவனைத் தேடிய ஒரு பெண்ணின் யோசனை அரச சட்டமாவதற்கு இத்தனை காலம் தேவைப்பட்டது. காணாமற்போனோரின் நிழற்படங்களை ஏந்தியவாறு 2017 இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை அறிந்த எமது வாசகர்களுக்கு, அந்தக் கறுப்புத் துணியின் கனம் எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை.

நேர்மையாக மற்றுமொன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். ‘றோலிங் தண்டர்’ என்பது 1965 இலிருந்து 1968 வரை வட வியட்நாம் மீது அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சு நடவடிக்கையின் பெயருமாகும். வியட்நாமியர் தரப்பில் காணாமற்போனோரின் தொகை சுமார் 3 இலட்சம் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுக்காக வொஷிங்டன் வீதியில் கொடி எதுவும் பறப்பதில்லை. துயரம் உண்மையானதாக இருக்கும்போதே, அது தன் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதும் உண்டு என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பெருகிய செலவுகளையும், மோட்டார் சைக்கிள்கள் ஒன்றுகூடும் இடமாக விளங்கிய பென்டகன் வாகனத் தரிப்பிடம் தொடர்பான இழுபறிகளையும் காரணங்காட்டி, அவ்வமைப்பு 2019 ஆம் ஆண்டுடன் தலைநகரப் பவனியை நிறுத்திக்கொண்டது. அதன் பின்னர் முன்னாள் படையினரின் மற்றோர் அமைப்பான அம்வெட்ஸ், ‘றோலிங் டு றிமெம்பர்’ என்ற பெயரில் அம்மரபைப் பொறுப்பேற்றது.

துக்க வீட்டுக்கு ஒரு திரை

மோட்டார் சைக்கிளும் கொடியும் இணைந்த மற்றுமொரு மரபு 2005 ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்தில் தோன்றியது. அம்மாநிலத்தின் டொபீக்கா நகரைச் சேர்ந்த வெஸ்ட்பரோ பப்டிஸ்ட் சபை என்ற சிறு குழுவினர், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் உயிரிழந்த படையினரின் இறுதிச் சடங்குகள் நடைபெறும் இடங்களுக்கு அருகில் கூடி, அம்மரணங்கள் இறைவனின் தண்டனையே என்று கூறும் பதாகைகளைத் தூக்கிப் பிடித்தனர். மகனைப் புதைக்க வந்த பெற்றோரின் கண்முன்னே இது நடந்தது. இதனைக் கண்டு வெகுண்ட முன்னாள் படையினர் சிலர் ‘பேட்ரியட் கார்ட் றைடர்ஸ்’ என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர்.

அவர்கள் வகுத்துக்கொண்ட நெறிமுறை கவனத்திற்குரியது. குடும்பத்தினர் அழைத்தால் மட்டுமே செல்வது. சட்டத்துக்குட்பட்ட, வன்முறையற்ற வழிகளையே கையாள்வது என்பனவே அவை. எதிர்ப்பாளர்களைத் தாக்குவதில்லை; அவர்களோடு வாதிடுவதுமில்லை. கைகளில் பெரிய கொடிகளை ஏந்தி வரிசையாக நின்று, துக்க வீட்டாருக்கும் பதாகைகளுக்கும் இடையே ஒரு திரையாகி விடுவர். தேவாலயத்திலிருந்து மையவாடி வரையிலான பாதையில், கொடி பறக்கும் மோட்டார் சைக்கிள்களில் பூதவுடலுக்கு முன்னும் பின்னும் மெதுவாகச் செல்வர்.

சட்டத்தினால் இவ்விடயத்தை முழுமையாகத் தீர்க்க முடியவில்லை என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். தேசிய மையவாடிகளில் இறுதிச் சடங்குகளுக்கு அருகே ஆர்ப்பாட்டம் நடத்துவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2006 மே மாதத்தில் கொண்டுவரப்பட்டது. 2012 இல் அக்கட்டுப்பாடுகள் மேலும் விரிவாக்கப்பட்டன. ஆயினும், உயிரிழந்த மரைன் வீரர் ஒருவரின் தந்தை தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 2 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அச்சபையினருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. பொதுவிடயம் குறித்த பேச்சு எவ்வளவு புண்படுத்துவதாக இருப்பினும் அரசியலமைப்பின் பாதுகாப்புக்கு உரியது என்பதே அத்தீர்ப்பின் சாரம். நீதிபதி அலிட்டோ மட்டும் மாறுபட்டார். ஆக, துயருற்றவரின் உள்ளத்தைக் காக்கும் பணி, சட்டம் விட்டுச்சென்ற இடைவெளியில், துணியும் கம்பமும் கொண்டு நின்ற சாதாரண மனிதரின் கைகளுக்கே வந்து சேர்ந்தது எனலாம்.

அப்படியாயின் அந்தத் துணியும் கம்பமும் உறுதியாக நிற்க வேண்டுமல்லவா? ஒரு பூதவுடலின் முன்னே செல்லும் கொடி கழன்று வீதியில் வீழ்ந்தால், அல்லது பின்னால் வருபவரின் சில்லில் சிக்கினால், ஆறுதல் அளிக்கச் சென்றவர்கள் மற்றுமொரு துயரத்துக்கு வித்திட்டவர்களாவர். கொடி கட்டும் நுட்பம் இங்குதான் முக்கியத்துவம் பெறுகின்றது.

காற்று செய்யும் கணக்கு

கொடியொன்றின் மீது காற்று செலுத்தும் விசை இரண்டு விடயங்களில் பெரிதும் தங்கியுள்ளது. ஒன்று துணியின் பரப்பளவு, மற்றையது வேகம். வேகம் இருமடங்கானால் விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகும். மோட்டார் சைக்கிள்களில் பொதுவாகக் காணப்படும் 12 அங்குலம் அகலமும் 18 அங்குலம் நீளமும் கொண்ட சிறு கொடியின் பரப்பு ஒன்றரைச் சதுர அடி. வீடுகளில் ஏற்றப்படும் 3 அடிக்கு 5 அடிக் கொடியின் பரப்பு 15 சதுர அடி. அதாவது பத்து மடங்கு. மணிக்கு 30 மைல் வேகத்தில் சிறு கொடியுடன் செல்பவர், பெரிய கொடியைக் கட்டிக்கொண்டு 60 மைல் வேகத்தில் செல்ல முற்படின், அவரது கம்பம் ஏறத்தாழ 40 மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும். முன்னர் எதுவும் நடக்கவில்லையே என்ற அனுபவம் இங்கு உதவாது.

அடுத்தது நெம்புகோலின் கணக்கு. கம்பத்தின் அடியை அரை அடி இடைவெளியிலுள்ள இரு பிடிகளால் இறுக்கியிருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து ஐந்து அடி உயரத்தில் துணி 5 கிலோ அளவு விசையுடன் இழுக்குமாயின், அடிப்பிடி ஒவ்வொன்றும் 50 கிலோவுக்குக் குறையாத விசையைச் சமாளிக்க வேண்டும். பிடிகளுக்கிடையிலான தூரத்தை ஓர் அடியாக்கினால் அச்சுமை ஏறத்தாழ அரைவாசியாகக் குறையும். கம்பத்தின் அடியை ஆழமான குழாயொன்றினுள் இறக்கி, மேலே மற்றோர் இடத்திலும் இறுக்க வேண்டும் என அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

மேலும், இவ்விசை ஒரே சீராக இருப்பதில்லை. துணி படபடக்கும்போது ஒவ்வொரு கணமும் கம்பம் இழுக்கப்பட்டுத் தளர்கின்றது. மணிக்கணக்கில் தொடரும் இந்த அதிர்வு, இறுக்கமான திருகாணியையும் மெல்ல மெல்லக் கழலச் செய்யும். உலோகத்தைக் களைப்படையச் செய்து முறிக்கும். எனவேதான் சாதாரண நட்டுகளுக்குப் பதிலாக, அதிர்வில் கழலாத பூட்டு நட்டுகள் பயன்படுத்தப்படுகின்றன. கம்பம் முறிந்தாலும் வீதியில் பறந்து செல்லாதவாறு, அதனை வாகனத்தின் சட்டகத்துடன் ஒரு மெல்லிய கம்பிக்கயிற்றினால் பிணைத்துவிடுவதும் அறிவார்ந்த முன்னேற்பாடாகும்.

எங்கே பொருத்துவது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் நெடும்பயண வகைகளும் ஹொண்டா கோல்ட் விங் போன்றனவும் 350 கிலோ முதல் 400 கிலோ வரை எடையுடையவை. இத்தனை கனமான வாகனத்துக்கு ஒரு கொடி பொருட்டாகுமா என எண்ணத் தோன்றும். ஆனால் இரு சில்லு வாகனத்தின் சமநிலை அதன் எடையில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை. பின்சில்லுக்குப் பின்னால், உயரத்தில், பின்னோக்கி இழுக்கும் எந்த விசையும் முன்சில்லின் மீதுள்ள சுமையைக் குறைக்கின்றது. முன்சில்லின் சுமை குறையக் குறைய வாகனத்தைத் திருப்பும் கட்டுப்பாடும் தளர்கின்றது. வேகம் கூடும்போது பின்பகுதி பாம்பு போல் நெளியத் தொடங்கலாம். பக்கக் காற்று வீசும்போதும், பெரிய லொறியொன்று கடந்து செல்லும்போதும் இது மேலும் உக்கிரமடையும்.

ஆகவே, ஹான்டிலிலோ முன்சில்லைத் தாங்கும் கவையிலோ பெரிய கொடியை ஒருபோதும் கட்டலாகாது. அங்கே காற்றின் ஒவ்வோர் இழுப்பும் நேரடியாகச் சாரதியின் கைகளிலிருந்து திசையைப் பறிக்கும். வானொலி அன்டெனாவோ பிளாஸ்டிக் பின்பெட்டியின் மூடியோ இப்பாரத்துக்கென ஆக்கப்பட்டவை அல்ல. பின்பெட்டியின் மேலுள்ள கரியருக்கும் தாங்கும் எல்லை உண்டு. அது வாகனக் கைந்நூலில் குறிப்பிடப்பட்டிருக்கும். சிறு கொடிக்கு அது போதுமானதாக இருக்கலாம். பெரிய கொடிக்கு வாகனத்தின் சட்டகத்துடன் நேரடியாகப் பிணைக்கப்பட்ட, தாழ்வான பிடியே உகந்தது. பின்புறம் இழுவண்டியைக் கொளுவுவதற்கென அமைக்கப்படும் இரும்புக் கொளுவி பலராலும் இதற்கெனப் பயன்படுத்தப்படுகின்றது. இரு கொடிகளாயின் இருபுறமும் ஒரே அளவில் அமைவது நன்று. ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய கொடி பறந்தால் வாகனம் அப்பக்கமாகவே இழுபடும்.

துணியைத் தெரிவதிலும் நிதானம் தேவை. நைலோன் இலேசானது, மெல்லிய காற்றிலும் பறக்கும். கனத்த பொலியெஸ்டர் நெடுநேரம் வீசும் காற்றைத் தாங்கவல்லது, ஆனால் பாரமானது. எதுவாயினும் முதலில் கிழியத் தொடங்குவது கம்பத்துக்கு எதிர்ப்புறமான ஓரமே. அங்கு இரட்டிப்பாக மடித்துப் பல வரிசைகளில் தைத்திருக்க வேண்டும். கொடியின் மேல்மூலை, கீழ்மூலை ஆகிய இரண்டும் கம்பத்துடன் பிணைக்கப்பட வேண்டும். கம்பத்தைச் சுற்றிச் சுழலக்கூடிய வளையங்களாயின் துணி கம்பத்தில் சுருண்டுகொள்வது குறையும்.

பலரும் மறந்துவிடும் ஒரு விடயம் உண்டு. கொடி பறக்கும்போது எப்படி இருக்கின்றது என்று பார்ப்பவர்கள், அது தொங்கும்போது எங்கே படிகின்றது என்று பார்ப்பதில்லை. சமிக்ஞை விளக்கில் வாகனம் தரித்ததும் காற்று நின்று, துணி தொய்ந்து கீழிறங்கும். அப்போது அது பிரேக் விளக்கை மறைக்கக்கூடும். திருப்பத்தை உணர்த்தும் விளக்கையும் இலக்கத்தகட்டையும் மூடக்கூடும். சூடான சைலன்சர் குழாயில் பட்டு நைலோன் உருகக்கூடும். பின்னால் வருபவர் முன்னால் நிற்கும் வாகனத்தை உணர வேண்டிய அந்தக் கணத்திலேயே கொடி அவரது கண்ணை மறைக்கின்றது. எனவே கொடியைப் பறக்கவிட்டும் தொங்கவிட்டும் இரு நிலைகளிலும் பரிசோதிப்பது இன்றியமையாதது.

பரிசோதனைக்கும் ஒரு முறை உண்டு. முதலில் கம்பத்தைக் கையால் நாற்புறமும் பலமாக இழுத்துப் பார்த்தல். பின்னர் ஆளரவமற்ற வீதியில் மெதுவாகவும், படிப்படியாக வேகத்தைக் கூட்டியும் செலுத்திப் பார்த்தல். அப்போது வேறொருவர் பின்னால் பாதுகாப்பான இடைவெளியில் வந்து கம்பத்தின் வளைவையும் வாகனத்தின் நெளிவையும் அவதானித்தல். தரிக்கும் ஒவ்வோர் இடத்திலும் பிடிகளை மீண்டும் தொட்டுப் பார்த்தல். பின்னால் ஒருவரை ஏற்றிச் செல்வதாயின், படபடக்கும் துணியின் ஓரம் அவரது முகத்தில் சாட்டையாக விழாதிருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மையவாடி வீதிகளில் தாழ்ந்திருக்கும் மரக்கிளைகளும் கம்பிகளும் கம்பத்தின் உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் விரைந்து செல்ல வேண்டிய தூரத்துக்குக் கொடியைச் சுருட்டி உறையிலிட்டு வைத்திருந்து, பவனி ஆரம்பமாகும் இடத்தில் விரிப்பதே எல்லாவற்றிலும் பாதுகாப்பான வழி.

விதி சொல்வதும் சொல்லாததும்

இவை பற்றி அமெரிக்கச் சட்டம் என்ன கூறுகின்றது? 1923 இல் வொஷிங்டனில் கூடிய மாநாடொன்றில் வகுக்கப்பட்ட வழக்கங்களை அடிப்படையாகக் கொண்டு, 1942 ஜூனில் காங்கிரஸ் கொடி விதிக்கோவையை நிறைவேற்றியது. வாகனத்தின் முன்மூடியிலோ கூரையிலோ பக்கங்களிலோ கொடியைப் போர்த்தலாகாது. மோட்டார் வாகனத்தில் கொடியைக் காட்சிப்படுத்துவதாயின் அதன் கம்பம் வாகனச் சட்டகத்துடன் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும் அல்லது வலப்புறச் சில்லுக்காப்புடன் இறுக்கப்பட வேண்டும் என அது கூறுகின்றது. ஊர்வலத்தில் வேறொரு கொடியுடன் செல்லும்போது தேசியக் கொடி வலப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். அது நிலத்தைத் தொடலாகாது. இரவில் பறப்பதாயின் உரிய வெளிச்சம் வேண்டும். கிழிந்து நைந்து போனால் கண்ணியமான முறையில் அழிக்கப்பட வேண்டும்.

மோட்டார் சைக்கிளைப் பற்றி அக்கோவை தனியாக எதுவும் கூறவில்லை. அதைவிடவும் முக்கியமானது, மேற்கூறிய ஒழுங்குகளை மீறும் பொதுமக்களுக்கு அது எவ்விதத் தண்டனையும் விதிப்பதில்லை என்பதாகும். அவை மரியாதைக்கான வழிகாட்டல்களே. கொடியை அவமதிப்போரைத் தண்டிக்க இயற்றப்பட்ட சட்டங்களைக்கூட 1989 இலும் 1990 இலும் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. கொடியை எரிப்பவரையே தண்டிக்க முடியாத நாட்டில், அதனைத் தளர்வாகக் கட்டியவரைக் கொடிக்கோவையின் பெயரால் தண்டிக்க இயலாது.

ஆயினும் அந்த 1942 ஆம் ஆண்டு வாசகத்தை மீண்டும் நோக்கின் ஓர் உண்மை புலப்படும். கம்பம் சட்டகத்துடன் உறுதியாகப் பொருத்தப்பட வேண்டும் என்பது மரியாதையின் பொருட்டு எழுதப்பட்ட வாக்கியம். இன்றைய மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் பாதுகாப்பின் பொருட்டு வந்தடையும் முடிவும் அதுவே. நிலத்தைத் தொடக்கூடாது என்பது கண்ணியம். சில்லில் சிக்கக்கூடாது என்பது பாதுகாப்பு. கிழிந்த கொடியை அகற்றுவது கண்ணியம். அதன் நூலிழைகள் பிரிந்து பின்னால் வருபவர் மீது வீழாதிருப்பது பாதுகாப்பு. கொடிக்குச் செய்யும் மரியாதையும் சக வீதிப் பயணிக்குச் செய்யும் மரியாதையும் ஒரே திருகாணியில்தான் இறுக்கப்பட்டுள்ளன. ஒன்றைத் தளர்த்திவிட்டு மற்றையதை இறுக்க இயலாது.

கொடி மிரட்டலாகும்போது

இதே நாட்டில் இதே கொடிகள் வேறொரு விதமாகவும் பயன்படுத்தப்பட்டுள்ளன. 2020 ஒக்டோபர் 30 ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில தினங்களே இருக்கையில், டெக்சாஸ் மாநிலத்தின் 35 ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஜோ பைடனின் பிரசார பஸ் ஒன்றை, டொனால்ட் ட்ரம்புக்கு ஆதரவான கொடிகளைப் பறக்கவிட்ட வாகனங்கள் சூழ்ந்துகொண்டன. பஸ்ஸில் இருந்தவர்கள் தொடுத்த வழக்கில், 2024 செப்டெம்பரில் ஒஸ்டின் நகர ஜூரிகள், பிரதிவாதிகள் அறுவரில் ஐவரைப் பொறுப்பற்றவர்கள் என விடுவித்து, ஒருவரை மட்டும் பொறுப்பாளியாகக் கண்டனர். அவர் 40,000 டொலரைச் செலுத்த வேண்டும் எனவும் தீர்மானித்தனர்.

மையவாடியின் வாசலில் நின்ற கொடிக்கும் நெடுஞ்சாலையில் பஸ்ஸைச் சூழ்ந்த கொடிக்கும் வேறுபாடு துணியில் இல்லை. முன்னையது அழைக்கப்பட்ட இடத்துக்குச் சென்றது, பிறரது அச்சத்தைக் குறைத்தது, மெதுவாகச் சென்றது. பின்னையது அழைக்கப்படாமல் சென்றது, அச்சத்தை விளைவித்தது, வேகத்தையும் நெருக்கத்தையும் ஆயுதமாக்கியது. ஒரு கொடி எதற்காக நிற்கின்றது என்பதை அதிலுள்ள நிறங்களைவிட, அதை ஏந்துபவரின் நடத்தையே கூறிவிடுகின்றது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுநரே வீதியில் மிகவும் பலவீனமானவர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. 2023 ஆம் ஆண்டில் அமெரிக்க வீதிகளில் உயிரிழந்த மோட்டார் சைக்கிள் பயணிகளின் தொகை 6,300 ஐத் தாண்டியது. 2019 ஜூன் 21 ஆம் திகதி நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், முன்னாள் மரைன் படையினரைக் கொண்ட கழகமொன்றைச் சேர்ந்த எழுவர் ஒரே விபத்தில் மாண்டனர். எதிரே வந்த, இழுவண்டி பூட்டிய பிக்கப் வாகனத்துடனான மோதல் அது. அவ்விபத்துக்கும் கொடிக்கும் தொடர்பேதுமில்லை. ஆனால் கூட்டமாகச் செல்லும் மோட்டார் சைக்கிள்களிடையே ஒரு கணத் தடுமாற்றம் எத்தனை உயிர்களைக் காவுகொள்ளும் என்பதை அது உணர்த்திற்று. அத்தகையதொரு வரிசையில் ஒருவரது கொடிக்கம்பம் முறிவது அவரது சொந்த விடயமாக இருக்க முடியாது.

எமது நாட்டிலும் தேர்தல் காலங்களிலும் வெற்றிக் கொண்டாட்டங்களிலும் கொடிகளைப் பறக்கவிட்டுச் செல்லும் மோட்டார் சைக்கிள் ஊர்வலங்களுக்குக் குறைவில்லை. 1951 ஆம் ஆண்டு தேசியக் கொடி ஏற்றுக்கொள்ளப்பட்டபோது, தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் வகையில் செம்மஞ்சள், பச்சை ஆகிய கோடுகள் அதில் இணைக்கப்பட்டன. அக்கோடுகள் நீக்கப்பட்ட கொடிகள் வீதிகளில் ஏந்தப்பட்டதையும் நாம் கண்டுள்ளோம். கடைக் கதவைப் பாதி மூடிவிட்டு ஊர்வலம் கடந்து செல்லும்வரை காத்திருந்த அனுபவம் எமது வாசகர்களில் பலருக்கும் உண்டு. ஆதலால், கொடியொன்று வீதியில் செல்லும்போது அதைப் பார்த்து நிற்பவரின் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்ற கேள்வி எமக்குப் புதியதன்று.

கொடியை ஏந்திச் செல்பவரால் அதனைப் பார்க்க முடிவதில்லை. அது அவரது முதுகுக்குப் பின்னால் பறக்கின்றது. அதனைப் பார்ப்பவர்கள் பின்னால் வருபவர்களும் வீதியோரத்தில் நிற்பவர்களுமே. அது கழன்றால் அடிபடுபவர்களும் அவர்களே. அது மிரட்டினால் அஞ்சுபவர்களும் அவர்களே. எனவே எவ்வளவு பெரிய கொடியைக் கட்டலாம் என்று கேட்பதற்கு முன்னர், பின்னால் வருபவர் யார் என்று கேட்பதே பொருத்தமானது. துக்க வீட்டாரை மறைத்து நிற்கச் சென்ற அந்த நரைத்த தலை மனிதர்கள் புறப்படுமுன் ஒருமுறை கம்பத்தை இழுத்துப் பார்ப்பதில், நீண்ட தேசபக்திப் பேருரைகளில் காணக்கிடைக்காத ஒரு பண்பு இருக்கின்றது. கொடியேந்தும் எவரும் எந்த நாட்டிலும் கைக்கொள்ள வேண்டிய பண்பு அதுவேயாகும்.